காந்த நடுக்கோட்டின் கீழே ஒரு வகுப்பறை

ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வட்டாரங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் பெருமக்களுக்கு,



பன்னிரண்டாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்தப்படும்போது, கரும்பலகையில் சிலுவைக் குறிகள் வரிசையாக இடப்பட்டு, அவை பலகைக்குள் செல்லும் காந்தப்புலம் என்று சொல்லப்பட்டு, அதன் குறுக்கே ஒரு தண்டு வலப்பக்கமாக இழுக்கப்பட்டு, தண்டின் இரு முனைகளுக்கிடையே புலம், நீளம், வேகம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் அளவுக்கு மின்னியக்கு விசை தோன்றுகிறது என்ற முடிவோடு பாடம் நிறைவடைகிறது. சூத்திரம் சரியானது, தேர்வில் மதிப்பெண்ணும் தருகிறது. ஆனால் அந்தப் புலம் எந்த ஊரின் புலம், அது எந்தத் திசையில் இருக்கிறது, தண்டுக்குள் உள்ள மின்னூட்டம் எங்கே போய்ச் சேர்கிறது, சேர்ந்தபின் ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இக்கேள்விகளை எழுப்பாமல் விடுவது வேறெந்த மாவட்டத்திலும் விடுவதைக் காட்டிலும் பெரிய இழப்பாகும். ஏனெனில், இதே பாடத்தை இயற்கை மிகப் பெரிய அளவில் நடத்திக்காட்டும் இடங்களுள் ஒன்று இப்பள்ளிகளின் கூரைக்கு மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல்தோறும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

இம்மடல் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றே. நகரும் கடத்தியின் பாடத்தைச் சிலுவைக் குறிகளின் கற்பனைப் புலத்தில் அல்லாமல், ஆழ்வார்திருநகரியின் உண்மையான புலத்தில் வைத்து நடத்த வேண்டும் என்பதே அது.

கட்டில்லாமல் எந்தப் பக்கமும் திரும்பக்கூடியவாறு தொங்கவிடப்பட்ட காந்த ஊசி, வடக்கு நோக்கித் திரும்புவதோடு நிற்காமல் தரையை நோக்கிச் சாயவும் செய்யும். அச்சாய்வின் கோணத்தையே பாடநூல் காந்தச் சரிவு என்கிறது. தில்லியில் ஊசி நாற்பது பாகைக்கும் மேல் குனிந்து நிற்க, தெற்கே வரவர அது நிமிர்ந்து, தீபகற்பத்தின் தென்கோடியில் கிடைமட்டமாகப் படுத்துவிடுகிறது. சரிவு சுழியாகும் இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. நிலநடுக்கோடு இலங்கைக்கும் தெற்கே கடலில் செல்ல, காந்த நடுக்கோடோ இந்தியாவின் நீள்வரைகளில் வடக்கே ஏறி, குமரி, நெல்லைச் சீமைகளை ஒட்டிப் போகிறது. பூமியின் புறக்கருவில் உருகிய இரும்பு ஓடும் ஓட்டம் மாறமாற அக்கோடும் பல பத்தாண்டுகளில் சற்றே இடம்பெயர்கிறது (அந்த உருகிய இரும்பும் காந்தப்புலத்தில் நகரும் ஒரு கடத்திதான் என்பது தனியொரு மடலுக்குரிய பொருள்). ஆழ்வார்திருநகரியில் புலத்தின் வலிமை ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அதாவது டெஸ்லா என்னும் அலகில் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு. சரிவு மிகச் சில பாகைகளுக்குள் அடங்குவதால், அந்த நாற்பதில் ஏறக்குறைய முழுவதும் வடக்கு நோக்கிய கிடைத்தளக் கூறே ஆகும்.

இதை நம்பச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது எளிது. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் திசைகாட்டிச் செயலிக்காகப் பொருத்தப்பட்ட காந்த உணரி இருக்கிறது. மூன்று அச்சுகளிலும் புலத்தைத் தனித்தனியே எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. இரும்பு மேசையையும் இரும்புக் கம்பி பொதிந்த தூணையும் விட்டு விலகி, பள்ளி மைதானத்தின் நடுவில் மரப்பலகை ஒன்றின் மேல் கைப்பேசியைப் படுக்கவைத்து, அதன் தலைப்பகுதியை வடக்கு நோக்கித் திருப்பினால், நீளவாட்டு அச்சு நாற்பதை ஒட்டிய எண்ணையும், திரைக்குச் செங்குத்தான அச்சு மிகச் சிறிய எண்ணையும் காட்டும். உணரியைச் சீராக்க, கைப்பேசியை எட்டு என்ற எண் வடிவில் சில முறை சுழற்றிக்கொள்வது நல்லது.

இந்தப் புலத்தில் ஒரு கடத்தியை ஓடவிட வேண்டும். அதற்குத் திருநெல்வேலி–திருச்செந்தூர் அகலப்பாதையில் ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து ஆழ்வார்திருநகரி நோக்கி வரும் பயணிகள் ரயிலே போதும். பாடநூல் கணக்குகளில் பழகியவர்கள் உடனே சக்கரங்களை இணைக்கும் அச்சைத்தான் பார்ப்பார்கள். இரு தண்டவாளங்களுக்கு இடையிலான 1.676 மீட்டரை நீளமாகவும், புலத்தின் செங்குத்துக் கூறைக் காந்தப்புலமாகவும் கொண்டு பெருக்குவார்கள். தில்லிப் பக்கம் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. அங்கே செங்குத்துக் கூறு 30 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டுவதால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அச்சின் இரு முனைகளுக்கிடையே ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத் தூண்டல் இருக்கும். இங்கே சரிவை இரண்டு பாகை என்று வைத்துக்கொண்டாலும் விடை 50 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது. அச்சு வெட்டுவதற்குப் புலமே இல்லை. அது புலக்கோடுகளோடு ஒரே தளத்தில் வழுக்கிச் செல்கிறது.

ஆனால் பெட்டியின் சுவர் அப்படியன்று. அதன் உலோக உடலில், அணுக்களின் பிடியிலிருந்து விடுபட்டு உலோகம் முழுவதும் அலையக்கூடிய கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அவையும் ரயிலோடு சேர்ந்து கிழக்கே போகின்றன. காந்தப்புலத்தில் நகரும் மின்னூட்டத்தின் மீது, அதன் வேகத்துக்கும் புலத்துக்கும் ஒருசேரச் செங்குத்தான திசையில் செயற்படும் விசை லாரன்ஸ் விசை எனப்படும். வேகம் கிழக்கு, புலம் வடக்கு என்றால் நேர்மின்னூட்டத்துக்கு அவ்விசை மேல்நோக்கியும், எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானுக்குக் கீழ்நோக்கியும் அமைகிறது. எலக்ட்ரான்கள் அடிச்சட்டத்தை நோக்கி இறங்க, கூரையில் எலக்ட்ரான் பற்றாக்குறை, அதாவது நேர்மின்னூட்டம், தங்குகிறது. இப்படிப் பிரிந்து நிற்கும் மின்னூட்டங்கள் தமக்கிடையே ஒரு மின்புலத்தை உண்டாக்க, அந்த மின்புலம் அடுத்து வரும் எலக்ட்ரானை மேலே தள்ள, மின்விசையும் காந்தவிசையும் சமமாகும் கணத்தில் இடப்பெயர்ச்சி நின்றுவிடுகிறது. ரயிலின் வேகத்தில் கிழக்கு நோக்கிய கூறு நொடிக்கு 15 மீட்டர் என்றும், தண்டவாளத்திலிருந்து கூரை வரை நான்கு மீட்டர் என்றும் கொண்டால், கூரைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 2.4 மில்லிவோல்ட் வேறுபாடு நிலைக்கும். திருச்செந்தூரிலிருந்து திரும்பும் ரயிலில் இது தலைகீழாகும்.

இவ்வளவையும் செய்து முடிக்கத் தேவைப்படும் மின்னூட்டம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது. அதே வேகத்தில் திறந்தவெளியில் செங்குத்தாக நிறுத்தி எடுத்துச் செல்லப்படும் இரண்டு மீட்டர் இரும்புக் குழாயை நினைத்துக்கொண்டு உத்தேசமாகக் கணக்கிட்டால், மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்குச் செல்ல வேண்டிய எலக்ட்ரான்கள் சில பத்தாயிரம் மட்டுமே. அந்தக் குழாயில் உள்ள கட்டற்ற எலக்ட்ரான்களை எண்ணி எழுதினால் ஒன்றுக்குப் பின் இருபத்தைந்து சுழிகளுக்குக் குறையாது. மாணவர் மனத்தில் எலக்ட்ரான்கள் எல்லாம் அடித்துப்பிடித்து ஒரு முனைக்கு ஓடிவிட்டதாக ஒரு சித்திரம் படிந்துவிடுவது உண்டு. உண்மையில் நகர்வது கணக்கில் வராத துளி. அதுவும் குழாயின் உள்ளே தங்காமல் புறப்பரப்பில், முனைகளை நெருங்க நெருங்கச் செறிந்து அமர்கிறது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர், பெட்டிக்குள் நின்று வோல்ட்மீட்டரை வைத்து அந்த 2.4 மில்லிவோல்ட்டை அளந்துவிடலாமே என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டும் என்றே ஆசிரியர் காத்திருக்கலாம். அளக்க முடியாது. வோல்ட்மீட்டரின் கம்பிகளும் அதே ரயிலில், அதே வேகத்தில், அதே புலத்தில் போகின்றன. சுவரில் தோன்றும் மின்னியக்கு விசை கம்பியிலும் அதே அளவு தோன்றி, சுற்றில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூடிய சுற்று முழுவதும் சீரான புலத்தில் ஒன்றாக நகரும்போது, அதன் வழியே செல்லும் காந்தப்பாயம், அதாவது சுற்றின் பரப்பைத் துளைத்துச் செல்லும் புலத்தின் மொத்த அளவு, மாறுவதே இல்லை. பாயம் மாறாமல் மின்னோட்டம் இல்லை. நடைமேடையில் நிலையாக நிற்கும் கம்பி ஒன்றின் ஒரு முனை கூரையை உரசிக்கொண்டும் மறுமுனை தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டும் இருந்தால்தான் சுற்றின் ஒரு பகுதி நகர, மறுபகுதி நிற்க, மின்னோட்டம் பாயும். (பாதுகாப்பு கருதி இது கரும்பலகையில் மட்டுமே செய்யத்தக்க சோதனை.) மின்னூட்டம் பிரிவதற்குக் கடத்தி நகர்ந்தால் போதும், மின்னோட்டம் சுற்றி வருவதற்குச் சுற்றின் பகுதிகள் ஒன்றுக்கொன்று சார்பாக நகர வேண்டும் என்னும் இந்த வேறுபாடு சூத்திரத்தை மட்டும் மனனம் செய்பவருக்கு ஒருபோதும் பிடிபடுவதில்லை.

இனி ஆற்றுக்கு வரலாம். உப்புகள் கரைந்த நீரும் கடத்தியே. அதில் எலக்ட்ரானுக்குப் பதிலாகச் சோடியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்கள், இடம்பெயர்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த சில மாதங்களுக்குள், 1832 ஜனவரியில், லண்டனின் வாட்டர்லூ பாலத்தின் பக்கச்சுவர் நெடுகச் செப்புக் கம்பியை இழுத்து, அதன் இரு முனைகளிலும் தகடுகளைப் பொருத்தித் தேம்ஸ் நீரில் இறக்கி, ஓடும் ஆறு புவியின் புலத்தை வெட்டுவதால் கரைக்குக் கரை மின்னழுத்தம் தோன்றுகிறதா என்று பார்த்தார். நீரின் வேதிவினையால் தகடுகளிலேயே எழுந்த மின்னழுத்தங்கள் அவர் தேடியதை மூழ்கடித்துவிட, சோதனை கைகூடவில்லை. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின், 1851இல், ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட தந்திக் கம்பியில் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தம் பதிவானபோதுதான் அவர் எண்ணியது சரியென்று தெரிந்தது. இன்று குடிநீர்க் குழாய்களில் நீரோட்டத்தை அளக்கும் மின்காந்த அளவி இதே கொள்கையில்தான் இயங்குகிறது. ஃபாரடேயைத் தோற்கடித்த வேதிமின்னழுத்தத்தைத் தள்ளிவைப்பதற்காக அக்கருவி தன் புலத்தின் திசையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஃபாரடே லண்டனுக்குப் பதிலாக ஆழ்வார்திருநகரிப் படித்துறையில் தகடுகளை இறக்கியிருந்தால் தோல்விக்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கும். லண்டனில் புலம் பெரும்பாலும் செங்குத்தாக இருப்பதால் மின்னூட்டம் இரு கரைகளுக்குப் பிரிகிறது. இங்கே புலம் கிடைமட்டம். ஆறு கிழக்கே ஓடுகிறது. ஆகவே கரைக்குக் கரை ஏறக்குறைய எதுவும் இல்லை, நேரயனிகள் நீரின் மேற்பரப்புக்கும் எதிரயனிகள் ஆற்றின் தரைக்கும் தள்ளப்படுகின்றன. நீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஓடினால், மேலுக்கும் கீழுக்கும் 80 மைக்ரோவோல்ட். ஆற்றின் அடியில் ஈர மணலும் கடத்துவதால் மின்னூட்டத்தின் ஒரு பகுதி அதன் வழியே சுற்றித் திரும்பிவிடும். எனவே உண்மையில் நிலைப்பது இதனினும் குறைவு. இதே ஆறு மேலே சுலோச்சன முதலியார் பாலத்தின் கீழ், நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே, ஏறத்தாழ வடக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே நீரின் வேகமும் புலத்தின் திசையும் ஒன்றாகிவிடுவதால் அயனிகளின் மீது விசையே இல்லை. ஒரே ஆறு, ஒரே நீர், ஒரே புலம். வளைவு ஒன்று மட்டும் விடையை மாற்றிவிடுகிறது. திசையன் பெருக்கல் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட அருகில் வேறு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே ஆற்றின் தலைப்பகுதியில், பாபநாசத்தில், 1944இல் உற்பத்தியைத் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் மின்னாக்கிகளில் வேறொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பெரிய மின்னாக்கிகளில் சுழல்வது பொதுவாகக் காந்தமே. மின்சாரம் எடுக்கப்படும் செப்புச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. நிற்கும் கடத்தியில் லாரன்ஸ் விசையின் காந்தப் பகுதிக்கு வேலை இல்லை. மாறும் காந்தப்புலம் உண்டாக்கும் மின்புலமே அங்கே எலக்ட்ரானைத் தள்ளுகிறது. கடத்தி நகர்ந்தால் ஒரு விளக்கம், காந்தம் நகர்ந்தால் வேறொரு விளக்கம், ஆனால் அம்மீட்டர் காட்டுவதோ ஒரே எண். 1905இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கட்டுரையைத் தொடங்கியது இந்தப் பொருந்தாமையைச் சுட்டிக்காட்டித்தான். அவருடைய தீர்வின்படி, தரையில் நிற்பவருக்குக் காந்தவிசையாகத் தெரிவது ரயிலில் இருப்பவருக்கு மின்புலமாகத் தெரிகிறது. ஆழ்வார்திருநகரி ரயிலோடு நகர்பவருக்கு அப்படித் தெரியும் வெளிப்புலம் மீட்டருக்கு 0.6 மில்லிவோல்ட். பெட்டியின் உடலில் பிரிந்து நிற்கும் மின்னூட்டம் அந்தப் புலத்தைப் பெட்டிக்குள் முற்றிலும் அழித்துவிடுவதால், உள்ளே இருப்பவருக்கு எதுவும் புலப்படுவதில்லை. வோல்ட்மீட்டர் ஏன் சுழியைக் காட்டியது என்பதற்கு இது இரண்டாவது விடை.

மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் என்னும் இதே அளவுதான் வானத்திலும் வருகிறது. தரையிலிருந்து 90 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் மூலக்கூறுகளை உடைத்து எலக்ட்ரான்களையும் நேரயனிகளையும் விடுவிப்பதால், காற்றே ஒரு கடத்தியாகிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும் வளிமண்டலம் ஓதம்போல் அசைவதால் அந்தக் கடத்தி பூமியின் புலத்தின் குறுக்கே வீசிச் செல்கிறது. 1882இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், காந்த ஊசி நாள்தோறும் அசையும் சிற்றசைவுக்குக் காரணம் மேற்காற்றில் இயங்கும் இத்தகைய மின்னாக்கியே என்று கருதினார். அயனி மண்டலம் என்ற ஒன்று இருப்பது நிறுவப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அவர் அப்படிக் கருதியது துணிச்சல்தான். காற்றால் தள்ளப்பட்ட மின்னூட்டம், உலோகத் தண்டின் முனைகளில் சேர்வதைப் போலவே, கடத்தும் பகுதியின் ஓரங்களில், அதாவது விடியல் எல்லையில் நேர்மின்னூட்டமாகவும் அந்தி எல்லையில் எதிர்மின்னூட்டமாகவும் சேர்கிறது. இவற்றுக்கிடையே பகல் முழுவதும் கிழக்கு நோக்கிய மின்புலம் நிலைக்கிறது. மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் என்பது அற்பமாகத் தோன்றலாம். விடியலுக்கும் அந்திக்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குக் கூட்டினால் அது பல ஆயிரம் வோல்ட் ஆகும்.

இதுவரை நடந்தது உலகெங்கும் நடப்பது. காந்த நடுக்கோட்டில் மட்டும் இன்னொன்று நடக்கிறது. அதற்கு எலக்ட்ரானும் அயனியும் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் எப்படி வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். எடை குறைந்த எலக்ட்ரான் புலக்கோட்டைச் சுற்றி நொடிக்குப் பத்து லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. காற்றணுக்களோடு மோதுவது அதைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே அது புலத்தின் பிடியில் இருக்கிறது. கனமான அயனி சுழல முயல்வது நொடிக்கு இருபது முறை அளவில்தான்; ஒரு சுற்றை முடிப்பதற்குள் பலமுறை மோதிவிடுவதால் அது காற்றின் பிடியில் இருக்கிறது. காந்தப்புலமும் மின்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் இடத்தில், புலத்தின் பிடியில் உள்ள மின்னூட்டம் மின்புலத்தின் திசையில் போகாமல் இரண்டுக்கும் செங்குத்தாக நழுவிச் செல்லும். மின்புலம் கிழக்கு, காந்தப்புலம் வடக்கு என்றால் அந்த நழுவல் மேல்நோக்கியது. எலக்ட்ரான்கள் மேலே ஏற, அயனிகள் பின்தங்க, கடத்தும் அடுக்கின் மேல்விளிம்பில் எதிர்மின்னூட்டமும் கீழ்விளிம்பில் நேர்மின்னூட்டமும் சேர்கின்றன.

மற்ற இடங்களில் புலக்கோடுகள் சாய்ந்திருப்பதால், சேர்ந்த மின்னூட்டம் அக்கோடுகளின் வழியே எளிதில் வழிந்தோடிவிடும். நெல்லைச் சீமையின் மேல் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. மேலும் கீழும் போக வழி இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஆற்றின் போக்கு தடுக்கப்பட்டு, நீர்மட்டம் உயர்ந்து, அந்த உயரமே நீரை வடகாலுக்கும் தென்காலுக்கும் திருப்பிவிடுவதைப் போல, தடுக்கப்பட்ட மின்னூட்டம் தேங்கித் தேங்கி மேல்நோக்கிய மின்புலமாக உயர்கிறது. இப்புலம் அதை உண்டாக்கிய கிழக்குப் புலத்தைவிடப் பல மடங்கு வலிமை பெற்று, எலக்ட்ரான்களை இப்போது மேற்கே நழுவச் செய்கிறது. எலக்ட்ரான்கள் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே போவதாகப் பொருள். இப்படி ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் அகலத்தில், பல பத்தாயிரம் ஆம்பியர் அளவில், காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகலெல்லாம் ஓடும் மின்னோட்டத்துக்கு நடுக்கோட்டு மின்தாரை என்னும் பொருள்படும் பெயரை 1951இல் சிட்னி சாப்மன் சூட்டினார். 1922இல் பெருவின் ஹுவான்கயோவில் காந்த ஆய்வகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, அங்கு ஊசியின் தினசரி அசைவு எதிர்பாராத அளவுக்குப் பெரிதாக இருப்பது தெரிந்துவிட்டது. அதற்கான காரணம் தெளிவாவதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

மின்தாரை கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. தரையில் உள்ள காந்தமானி ஒன்றே அதன் சாட்சி. தலைக்கு மேல் கிழக்கே ஓடும் மின்னோட்டம் கீழே வடக்கு நோக்கிய புலத்தை உண்டாக்குவதால், முற்பகல் பதினொரு மணி வாக்கில் ஊரின் கிடைத்தளப் புலம் 40,000 நானோடெஸ்லாவுக்கு மேல் நூறு நானோடெஸ்லா அளவுக்குக்கூட ஏறி, மாலையில் பழைய நிலைக்கு இறங்குகிறது. (கைப்பேசியின் உணரிக்கு இந்த ஏற்றம் எட்டாது, அதன் இரைச்சலே இதைவிடப் பெரிது.) சில நாள்களில் பிற்பகலில் ஓட்டம் திசைமாறி மேற்கே ஓடுவதும் உண்டு, அப்போது புலம் வழக்கமான இரவு அளவுக்கும் கீழே போகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்வது வேறெங்கோ அன்று: ஆழ்வார்திருநகரியிலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் போகிறவர்கள் கடந்து செல்லும் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன வேங்கடாசலபதி கோயில் இருக்கும் அதே ஊரில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. நெல்லையின் பதிவிலிருந்து மகாராஷ்டிரத்தின் அலிபாக் ஆய்வகப் பதிவைக் கழித்து மின்தாரையின் வலிமையை மதிப்பிடுவது ஆய்வாளர்களிடையே நிலைத்த வழக்கம். உலகம் முழுவதையும் பாதிக்கும் காந்தப்புயல் போன்றவை இரு பதிவுகளிலும் இருப்பதால் கழித்தலில் மறைந்துவிட, நெல்லைக்கு மட்டும் உரியது மிஞ்சுகிறது. அலிபாக் ஆய்வகமும் ஒரு நகரும் மின்னோட்டத்தால் பிறந்ததே: பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபாவில் நடந்துவந்த காந்த அளவீடுகள் 1904இல் அங்கே மாற்றப்பட்டன.

இப்பகுதியின் காந்த வரலாறு அதற்கும் முந்தையது. திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் இயக்குநராக வந்த ஜான் ஆலன் புரௌன், காந்த, வானிலை அளவீடுகளை மலை உயரத்திலும் எடுத்துப்பார்க்க விரும்பி, 1855இல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். தாமிரபரணி பிறக்கும் பொதிகை அதுவே. யானைகள் திரியும் காடும் ஓயாத மழையும் சூழ்ந்த அந்த உச்சியில் கருவிகளைக் காத்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதும், அந்த மீனவர் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டதும், காந்த நடுக்கோடு அதை ஒட்டிச் செல்கிறது என்னும் முதன்மைக் காரணத்தால்தான். அதைத் தொடர்ந்து தும்பாவிலிருந்து காந்தமானிகளைச் சுமந்து சென்ற ராக்கெட்டுகள் மின்தாரைக்கு உள்ளேயே புகுந்து அதை அளந்தன. விண்வெளித் திட்டத்தின் வரலாற்றைப் பெருமையுடன் சொல்லும் பாடப்புத்தகங்கள், அத்திட்டத்தைத் தென்கோடிக்கு இழுத்து வந்த இயற்பியலை அடுத்த அலகிலேயே ஊர்பேர் இல்லாத சிலுவைக் குறிகளாக ஆக்கிவிடுவது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

மேற்சொன்னவை எல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே போகாமல், இருக்கும் பாடவேளைக்குள்ளேயே அடங்கக்கூடியவை. லாரன்ஸ் விசை, காந்தச் சரிவு, இயக்க மின்னியக்கு விசை என மூன்றும் ஏற்கெனவே பாடநூலில் உள்ளன. மாறவேண்டியது கணக்கில் கொடுக்கப்படும் எண்களும் திசைகளும்தான். அத்தகைய கணக்குகளுள் இரண்டை இம்மடல் இங்கே வைக்கிறது; வகுப்பில் கொடுக்கத் தக்கவை, விடைகளும் எதிர்பாராதவை.

வகுப்பறையின் மின்விசிறி தரைக்கு இணையான தளத்தில் சுழல்கிறது. ஆழ்வார்திருநகரியில் புலமும் தரைக்கு இணை. இறக்கையின் ஒவ்வொரு புள்ளியிலும் விசை செங்குத்தாகவே, அதாவது இறக்கையின் தடிப்பின் வழியாகவே அமைகிறது. நடுத்தண்டுக்கும் இறக்கை முனைக்கும் இடையே ஏறக்குறைய எதுவும் தோன்றாது. தில்லியில் அதே விசிறியில் தோன்றும். அடுத்து, கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலை. அதன் இறக்கைகள் கண்ணாடியிழையால் ஆனவை என்றாலும், இடியைத் தாங்க அவற்றுக்குள் முனைவரை உலோகக் கடத்தி ஓடுகிறது. இறக்கையின் நீளம் 40 மீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 15 முறை என்று கொள்ளலாம். காற்றாலை நேர் வடக்குப் பார்த்து நின்றால், புலம் சுழற்சித் தளத்துக்குச் செங்குத்தாக அமைய, அச்சுக்கும் முனைக்கும் இடையே சுமார் 50 மில்லிவோல்ட் வருகிறது. ஆனால் ஆடி மாதத்தில், செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று பெருகும்போது, அது ஏறக்குறைய மேற்குப் பார்த்தே நிற்கிறது. அப்போது புலம் சுழற்சித் தளத்திலேயே படுத்துவிடுகிறது. அந்நிலையில் விடை என்ன, தென்மேற்குப் பக்கம் சரியாக 45 பாகை திரும்பினால் என்ன, இறக்கை மேலே நிற்கும் கணத்திலும் கீழே தொங்கும் கணத்திலும் எந்த முனை நேர்மின்னூட்டம் பெறும் என்ற மூன்றையும், சுழலும் திசையைச் சொல்லிவிட்டால், மாணவர்கள் வலக்கையை நீட்டி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட முடியும்.

இங்ஙனம்,
தாமிரபரணிக் கரையின் அறிவியல் ஆர்வலர்,
ஆழ்வார்திருநகரி